தேசப்பற்றுக்கு ஒரே மொழிதானா?

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பங்களில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வெளிநாட்டில் குடியேறாத வீடு இன்று குறைவு. குடியேறிய நாட்டை நேசிப்பவர் தம் தாய்மொழியை விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வி அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை. அமெரிக்காவில் நடந்த சில நிகழ்வுகள் இதைப் புரிந்துகொள்ள உதவும்.

2014 பிப்ரவரி 2 அன்று, அந்நாட்டின் மிகப்பெரிய விளையாட்டு நிகழ்ச்சியான சூப்பர் பவுல் ஒளிபரப்பின்போது கோகோ கோலா நிறுவனம் ஒரு நிமிட விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ என்ற தேசபக்திப் பாடலை ஆங்கிலம், ஸ்பானிஷ், இந்தி, டகாலோக், ஹீப்ரு, கெரெஸ் உள்ளிட்ட மொழிகளில் இளம் பெண்கள் பாடினர். ஹிஜாப் அணிந்த பெண்களும் காட்சியில் இடம்பெற்றனர். சில நிமிடங்களிலேயே சமூக ஊடகங்களில் கண்டனம் கிளம்பியது. ‘அமெரிக்கன் மொழியில் பேசு’ என்று பலர் எழுதினர். தேசிய கீதத்தையே அவமதித்துவிட்டதாகச் சிலர் கொதித்தனர்.

உண்மையில் அது தேசிய கீதமே அல்ல. 1931 முதல் அந்நாட்டின் தேசிய கீதம் வேறு பாடல். விளம்பரத்தில் ஒலித்த கெரெஸ், நியூ மெக்சிகோவின் பூர்வகுடி மக்களுடைய மொழி. ஆங்கிலம் அந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பே அங்கு பேசப்பட்டது. தேசிய கீதத்தையே 1919-இல் அமெரிக்கக் கல்வித்துறை ஸ்பானிஷ் மொழியில் வெளியிட்டிருக்கிறது.

இந்த அச்சம் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் மொழி பேசுவோர் மீது சந்தேகம் விழுந்தது. 1918 மே மாதம் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடங்களிலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் மட்டுமே பேசப்பட வேண்டும் என்று பிரகடனம் செய்தார். வழிபாட்டுக்கூட உரைகளுக்கும் இதே கட்டுப்பாடு. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு மதப் பள்ளி ஆசிரியர், பத்து வயது மாணவனுக்கு ஜெர்மன் மொழியில் வேதக் கதையைக் கற்றுக்கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923-இல் நீதிமன்றம் அந்தத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. ஆங்கிலம் பேசுவோருக்கு உள்ள அரசியல் சாசனப் பாதுகாப்பு, வேறு மொழி பேசுவோருக்கும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மதரஸா நடத்தும் நம்மைப் போன்றவர்கள் இத்தீர்ப்பின் அருமையை எளிதில் உணரலாம்.

தாய்மொழி நாட்டுக்குக் கேடு என்ற வாதத்துக்கு இரண்டாம் உலகப் போரே பதில் சொன்னது. பூர்வகுடிக் குழந்தைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழி பேசினால் தண்டித்த நாடு அது. அதே நாட்டின் படை, எதிரி உடைக்க முடியாத ரகசியச் செய்திகளை அனுப்ப நவஹோ மொழியினரைத் தேடிச் சென்றது.

எனினும் சந்தேகம் ஓயவில்லை. 2015 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பைன் புஷ் பகுதிப் பள்ளியில், அயல்மொழி வாரத்தை முன்னிட்டு நாட்டு விசுவாச உறுதிமொழி அரபியில் வாசிக்கப்பட்டது. உறுதிமொழியின் பொருள் மாறவில்லை. மொழி மட்டுமே மாறியது. ஆயினும் எதிர்ப்பு வலுத்து, பள்ளி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் ஆணையிடும்வரை, கூட்டாட்சி அளவில் அமெரிக்காவுக்கு அதிகாரப்பூர்வ மொழி என்று ஒன்று இருந்ததில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பொதுவான ஒரு மொழி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வேலையிடத்திலும் அது இல்லாமல் முடியாது. ஆனால் பொதுமொழியைக் கற்றுக்கொள் என்பது வேறு. உன் மொழி காதில் விழக்கூடாது என்பது வேறு. முதலாவது குடியேறியவரை உள்ளே அழைக்கிறது. இரண்டாவது, எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் நீ அந்நியன்தான் என்கிறது.

விசுவாசத்துக்குச் சான்று செயல்தான். பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ராணுவ கேப்டன் ஹுமாயூன் கான், 2004 ஜூனில் ஈராக்கில் சந்தேகத்துக்குரிய ஒரு வாகனம் முகாமை நெருங்கியபோது, தம் வீரர்களைப் பின்னே நிற்கச் சொல்லிவிட்டுத் தாமே முன்னே சென்று உயிர் துறந்தார். அவர் வீட்டில் எந்த மொழி பேசினார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் 22-ஆம் வசனம், மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆகவே வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகளிடம் சொல்வோம்: அந்நாட்டு மொழியைத் திறம்படக் கற்றுக்கொள்ளுங்கள், அதன் சட்டத்தை மதியுங்கள், அண்டை வீட்டாருக்கு உதவுங்கள், வீட்டில் தமிழைக் கைவிடாதீர்கள். நம் ஊருக்குப் பிழைக்க வந்து, நம் பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் வங்காள, பீகார் சகோதரர்கள் தம் மொழியில் பேசிக்கொள்ளும்போது முகம் சுளிக்காமல் இருப்பதும் இதே பாடத்தில் அடங்கும்.