மீனுக்கு அறுப்பு இல்லை, ஆனால் இரக்கம் உண்டு: ஏரி மீனைச் செதில் நீக்கிச் சுத்தம் செய்யும் முறை



சேலம் நகரின் குடிநீருக்காக 1911-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது பனமரத்துப்பட்டி ஏரி. நல்ல மழை பெய்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும் காலங்களில் நம் பகுதியில் உயிர் மீன் தாராளமாகக் கிடைக்கும். ஏரி வறண்டு கிடக்கும் காலத்தில் மேட்டூர் அணை மீன் நமக்குக் கை கொடுக்கும். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, விரால் என்று வாரக் கடைசியில் ஏதாவது ஒன்று நம் வீட்டுச் சட்டிக்கு வந்துவிடுகிறது.

அப்படி மீன் வாங்கப் போன ஒரு சகோதரர் தொழுகைக்குப் பிறகு நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போதே கடையில் செதில் உரசுகிறார்கள். மீனை அறுக்கத் தேவையில்லை என்பதால் இது கூடும்தானே?" அவருடைய வீட்டார் இன்னொரு கேள்வியையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: "கெளுத்திக்குச் செதிலே இல்லையே, அதைச் சாப்பிடலாமா?"

இரண்டுமே நல்ல கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்வதோடு, புதிதாகப் பிடித்த மீனைச் சுத்தம் செய்யும் முறையையும் பார்ப்போம்.

செதில் என்றால் என்ன?

செதில் என்பது மீனின் தோலில் பதிந்திருக்கும் கவசம். வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக, வால் பக்கம் பார்த்தபடி அடுக்கப்பட்டிருக்கும். மீன் வளரும்போது செதில்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, ஒவ்வொரு செதிலும் பெரிதாகிறது. அதனால் மரத்தில் இருப்பது போலச் செதிலிலும் வளையங்கள் உண்டாகின்றன. குளிர் நாட்டு மீன்களின் வயதை ஆய்வாளர்கள் இந்த வளையங்களை எண்ணியே கணிக்கிறார்கள்.

எல்லா மீனுக்கும் செதில் ஒன்று போல இருப்பதில்லை. ரோகுவின் உடல் நடுவே ஓடும் பக்கவாட்டுக் கோட்டில் சுமார் 40 செதில்களே இருக்கும். அவை பெரியவை, எளிதில் பெயர்ந்து வரும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனுக்கோ அதே கோட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பொடிச் செதில்கள் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட இந்த மீனுக்காக அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. டிரவுட்டைச் சமைப்பவர்கள் பெரும்பாலும் செதில் உரசுவதே இல்லை. மேலே உள்ள வழவழப்பைக் கழுவி, தோலோடு பொரித்துவிடுவார்கள். கட்லாவையும் ரோகுவையும் அப்படிச் செய்ய முடியாது. உரசாமல் விட்டால் குழம்பில் செதில் மிதக்கும், குழந்தைகளின் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

செதில் இல்லாத மீன் ஆகுமா?

கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் நமக்கு ஹலாலாக்கப்பட்டுள்ளதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனத்தில் காண்கிறோம். ஆற்று மீனுக்கும் ஏரி மீனுக்கும் இதே சட்டம்தான் என்பது அறிஞர்களின் விளக்கம். யூதர்களின் சட்டத்தில் செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டுமே உண்ணத்தக்கது. ஷியாக்களின் ஜஅஃபரி சட்டத்திலும் செதில் நிபந்தனை உண்டு. இவற்றைக் கேள்விப்பட்டுத்தான் சிலர் குழம்புகிறார்கள். நம் ஊர்களில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் மீனுக்குச் செதில் நிபந்தனை இல்லை. ஆகவே கெளுத்தியைத் தயக்கமின்றி உண்ணலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனத்தில் வையுங்கள். தானாகச் செத்து வயிறு மேலாகத் தண்ணீரில் மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் உண்ணக் கூடாது, ஷாஃபிஈ மத்ஹபில் தடை இல்லை. ஆனால் கோடையில் ஏரித் தண்ணீர் குறைந்து, ஆக்சிஜன் இல்லாமலோ கழிவு கலந்தோ செத்து மிதக்கும் மீன் உடல்நலத்துக்கு ஆகாது. எந்த மத்ஹபைச் சேர்ந்தவராக இருந்தாலும் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

துள்ளும்போதே உரசலாமா?

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஆடு, கோழியைப் போல மீனை அறுக்க வேண்டியதில்லை என்பது அல்லாஹ் நமக்குச் செய்த சலுகை. அந்தச் சலுகை அறுப்பிலிருந்துதானே தவிர, இரக்கத்திலிருந்து அல்ல. எல்லாக் காரியத்திலும் அழகிய முறையைக் கடைப்பிடிக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் கற்றுத் தந்தார்கள். இக்கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உயிருள்ள மீனை வெட்டுவதை மக்ரூஹ் என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். உயிரோடு செதில் உரசுவதும் அதே வகை வேதனைதான். அப்படி உரசியதால் மீன் ஹராமாகிவிடாது. ஆனால் அந்தச் செயல் நமக்கு அழகல்ல.

இதற்கு வழி எளிது. "முதலில் மண்டையில் ஓங்கி ஒரு அடி போடுங்கள், அசைவு நின்ற பிறகு உரசுங்கள்" என்று கடைக்காரரிடம் சொன்னால் போதும். கண்ணுக்குச் சற்று மேலே, தலையின் பின்புறம், கனமான கட்டையால் ஒரே அடி. மீன் உடனே உணர்விழந்துவிடும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. கூட்டம் இருக்கிறது, அவசரம் என்று நாம் வாய்மூடி நிற்பதால்தான் இது வழக்கமாகிப் போயிருக்கிறது. உடன் வரும் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

வீட்டில் சுத்தம் செய்யும் முறை

முதலில் மீன் புதியதுதானா என்று பாருங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், சதையை விரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலெழ வேண்டும். உடனே சமைக்க முடியாவிட்டால் வயிற்றைச் சுத்தம் செய்து, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற அளவில் போட்டு வையுங்கள். நம் ஊர் வெயிலில் இதற்குக் குறைவாக இருந்தால் மீன் தாங்காது.

செதில் வால் பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருப்பதால், வாலிலிருந்து தலையை நோக்கித்தான் உரச வேண்டும். மீனைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கத்தியின் முதுகாலோ கரண்டியாலோ உரசினால் செதில் நாலா பக்கமும் தெறிக்காது. துடுப்பின் அடியிலும் வயிற்றோரத்திலும் செதில் தங்கிவிடும், அங்கே விரலால் தடவிப் பாருங்கள். கெளுத்திக்கு உரசும் வேலை இல்லை. கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வழவழப்பு போய்விடும். ஆனால் அதன் பக்கத் துடுப்பிலும் முதுகிலும் உள்ள முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். முதலில் அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

பிறகு ஆசனவாயிலிருந்து செவுள் வரை வயிற்றைக் கீறுங்கள். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், பித்தப்பை உடைந்தால் சதை கசக்கும். உடைந்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் அலசி, பச்சை நிறம் பட்ட இடத்தைச் சீவிவிடுங்கள். குடலையும் செவுளையும் அகற்றி, வயிற்றின் உட்புறம் கறுப்புத் தோல் இருந்தால் அதையும், நடுமுள்ளை ஒட்டியிருக்கும் உறைந்த இரத்தத்தையும் சுரண்டி எடுங்கள். மீனின் இரத்தம் அசுத்தமா இல்லையா என்பதில் இமாம்களிடையே இரு கருத்துகள் உண்டு. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிவிட்டால் இரண்டு கருத்துப்படியும் மனம் நிம்மதியாகும்.

ஏரி மீனில் மண் வாடை அடிப்பது பலரும் சொல்லும் குறை. தண்ணீரில் உள்ள நீலப்பச்சைப் பாசி முதலிய நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். புளிப்பு பட்டால் அந்த வாடை குறையும். நம் அம்மாமார்கள் புளித்தண்ணீரில் மீனைக் கழுவியதும், குழம்பில் புளியைக் கூட்டிக் கரைத்ததும் வெறும் ருசிக்காக மட்டுமல்ல.

ஒரு முக்கிய எச்சரிக்கை

கண் பார்வை கூர்மையாகும், சர்க்கரை நோய் குறையும் என்று சொல்லி மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. இது உயிருக்கே ஆபத்து. ரோகு, கட்லா, புல் கெண்டை போன்ற கெண்டை இன மீன்களின் பித்தத்தில் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் நஞ்சு இருக்கிறது. வேக வைத்தாலும் அது அழிவதில்லை. இப்படி விழுங்கியவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போன நிகழ்வுகளை நம் நாட்டு மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். யாராவது விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், தொல்லை தொடங்கும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை அல்லவா?

கடைசியாக ஒன்று. செதிலையும் குடலையும் தெருவிலும் சாக்கடையிலும் ஏரிக்கரையிலும் வீசாமல், தோட்டத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். செடிகளுக்கு நல்ல உரமாகும், பக்கத்து வீட்டாருக்கும் துர்நாற்றத் தொல்லை இராது.

அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது, "அடித்துவிட்டு உரசுங்கள்" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். நாம் நாலு பேர் தொடர்ந்து கேட்டால் கடையின் வழக்கமே மாறும், இன்ஷா அல்லாஹ். ஹலாலான உணவை அழகிய முறையில் தேடி உண்ணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.