நான்காவது டியூபுக்கு முன்னால்

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். டெல்லியில் அது மழைக்காலத்தின் நடுப்பகுதி. மே, ஜூன் மாதங்களின் காய்ந்த வெயில் போய், காற்றில் ஈரம் ஏறியிருக்கும். பால்கனிக் கொடியில் போட்ட துணி மறுநாள் எடுத்தாலும் மடிப்புகளில் ஈரமாகவே இருக்கும். அந்தப் பிசுபிசுப்பில்தான் மருத்துவமனைச் சுவர்களில், தாயும் சேயும் சிரிக்கும் சுவரொட்டிகள் ஏறுகின்றன. அவற்றின் கீழே வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் சிலர், குழந்தை வாய் வைக்கும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுப்பவர்கள். காம்பில் எரிச்சல். குழந்தை குடித்து முடித்துத் தூங்கிய பிறகும் மார்புக்குள் சுருக் சுருக்கென்று வலி. குழந்தையின் வாயில் வெள்ளை. மருந்து போட்டால் ஒரு வாரம் தேவலை, பிறகு மறுபடியும் அதே கதை.

இந்த ‘மறுபடியும்’ பற்றித்தான் சுவரொட்டிகள் பேசுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். மீதிப் பேருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பால் போதவில்லை, வேலைக்குப் போகிறாள் என்று பல பதில்கள் தயாராக இருக்கின்றன. வலி தாங்காமல் நிறுத்தினேன் என்று ஒரு பெண் சொன்னால் மட்டும், அதைக் காரணமாக ஏற்றுக்கொள்ள வீட்டில் யாரும் இருப்பதில்லை.

குழந்தையின் வாயில் மாவு படிந்திருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வதை மருத்துவர்கள் த்ரஷ் என்கிறார்கள். காரணம் பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை. வெளியிலிருந்து வந்து தாக்கும் கிருமி இல்லை அது. நம் வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் சத்தமில்லாமல் குடியிருப்பதுதான். குழந்தைக்குப் பல நேரம் பிரசவத்தின்போதே தாயிடமிருந்து போய்ச்சேர்கிறது. சிசேரியனுக்கோ, பால் கட்டிக் காய்ச்சல் வந்ததற்கோ ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது, பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து சாகின்றன. அந்த இடைவெளியில் பூஞ்சை பெருகுகிறது. தாய்க்குச் சர்க்கரை கூடுதலாக இருந்தால் இன்னும் எளிது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள், பிரசவத்துக்குப் பின் அதை மறுபடி பரிசோதிக்காமல் விட்டுவிடுவது நம்மிடம் சாதாரணம். த்ரஷ் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பரிசோதனையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் அது த்ரஷ்தானா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான பஞ்சுத் துணியை விரலில் சுற்றி, காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து, குழந்தையின் நாக்கை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். வெள்ளை வந்துவிட்டால், நாக்கில் மட்டும்தான் இருந்தது என்றால், அது பால். பால் குடிக்கும் குழந்தையின் நாக்கு வெளுத்திருப்பது நோயில்லை. கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் உதட்டின் உள்பக்கத்திலும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்து, துடைத்தால் வராமல், வந்தாலும் அடியில் சிவந்து லேசாக ரத்தம் கசிந்தால் அது த்ரஷ். கையோடு இடுப்புத் துணியையும் அவிழ்த்துப் பார்க்கலாம். தொடை மடிப்பில் அடர்ந்த சிவப்பும், அதைச் சுற்றிச் சிதறிய சின்னச் சின்னப் புள்ளிகளும் இருந்தால் பூஞ்சை அங்கேயும் போயிருக்கிறது.

உண்மையிலேயே த்ரஷ் என்றால், திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வீட்டு நடைமுறையில்தான் காரணம் இருக்கும். குழந்தையின் வாய்க்கு மட்டும் மருந்து போடுகிறார்கள். தாயின் காம்பை விட்டுவிடுகிறார்கள். அல்லது தாய் தோல் மருத்துவரிடம் போகிறாள், குழந்தையை யாரும் பார்ப்பதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை போய்வரும் பூஞ்சை இது. ஒருவருக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். நம் நாட்டில் குழந்தை மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது வாயில் தடவும் க்ளோட்ரிமசோல் அல்லது நிஸ்டாட்டின். பால் கொடுத்து முடித்த பிறகு தடவினால்தான் மருந்து வாயில் தங்கும். கொடுப்பதற்கு முன் தடவினால் பாலோடு போய்விடும். இது சின்ன விஷயம், ஆனால் மருந்துச் சீட்டில் எழுதியிருக்காது. வெள்ளை மறைந்த அன்றே பாட்டிலை மூடி வைப்பது இன்னொரு தவறு. மருத்துவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். சூப்பான், பாட்டில் நிப்பிள், பால் எடுக்கும் பம்ப்பின் பாகங்கள் எல்லாவற்றையும் தினமும் கொதிக்கவைக்க வேண்டும். பாலில் நனைந்த பேடை மாற்றாமல் உள்ளாடைக்குள் வைத்திருப்பது, டெல்லியின் ஆகஸ்டில், பூஞ்சைக்கு நாமே இடம் கொடுப்பது.

மைக்கோனசோல் ஜெல் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கெட்டியானது. மொத்தமாக வாயில் வைத்தால் சின்னக் குழந்தைக்குத் தொண்டையை அடைத்துவிடும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். அதே காரணத்துக்காக அந்த ஜெல்லைக் காம்பில் தடவிக் குழந்தைக்கு ஊட்டவும் கூடாது.

இனி பாட்டி வைத்தியம். டெல்லியின் பழைய பன்சாரி (நாட்டு மருந்து) கடைகளில், கற்கண்டு மாதிரி வெள்ளைக் கட்டிகளாக சுஹாகா கிடைக்கும். தவாவில் போட்டால் நீர் வற்றிப் பொரிந்து உப்பி, தொட்டால் பொடியாகும். அதைத் தேனில் குழைத்துக் குழந்தையின் வாயில் தடவுவது வட இந்திய வீடுகளின் பழக்கம். நம் ஊரிலிருந்து அம்மா போனில் சொல்வதும் இதையேதான்: “வெண்காரத்தைப் பொரிச்சு, தேன்ல குழைச்சு லேசாத் தடவுடி, ரெண்டே நாள்ல போயிடும்.” இரண்டும் ஒரே பொருள், போராக்ஸ். அன்போடு சொல்லப்படுவதாலேயே இதைத் தட்ட மனம் வருவதில்லை. ஆனாலும் தட்டத்தான் வேண்டும். போராக்ஸ் குழந்தையின் உடலில் சேர்ந்து விஷமாகும். தேனும் வெண்காரமும் கலந்ததில் சூப்பானைத் தோய்த்துக் கொடுத்துவந்த ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததும், அதை நிறுத்தியதும் வலிப்பு நின்றதும் 1983-இல் பிரிட்டனின் குழந்தை மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. வெண்காரம் இல்லாமல் வெறும் தேன் என்றாலும், ஒரு வயது முடியும் வரை கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும்.

ஊதா மருந்து, அதாவது ஜென்ஷன் வயலட், கொஞ்சம் வேறு கதை. நீர்த்த அளவில் அதைத் தடவச் சொல்லி அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்த காலம் உண்டு. அது பூஞ்சையைக் கொல்லும் என்பதும் உண்மை. ஆனால் விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் புற்றுநோய் அபாயம் தெரிந்ததால், 2019-இல் கனடாவின் சுகாதாரத் துறை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. பாதுகாப்பான மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த ஊதாப் பாட்டிலுக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தெருமுனை மருந்துக் கடை. கணவனை அனுப்பி “பூஞ்சைக்கு ஒரு டியூப்” என்று கேட்கச் சொன்னால், பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வீரியமான ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்த களிம்பு கைக்கு வந்துவிடுகிறது. சீட்டு கேட்பதில்லை. தடவிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கும், எரிச்சல் குறையும். குறைத்தது ஸ்டீராய்டு. அதே ஸ்டீராய்டு அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பை மழுக்கிப் பூஞ்சையை வளரவும் விடுகிறது. டியூபை நிறுத்தியதும் எல்லாம் பழையபடி, சில சமயம் முன்பைவிட மோசமாக. அடுத்த டியூப் வாங்கப்படுகிறது. காம்பில் தடவியது குழந்தையின் வயிற்றுக்குள்ளும் போகிறது. எந்த ஸ்டீராய்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காம்பில் எக்ஸிமா என்றால் மருத்துவரே அளவு சொல்லி எழுதுவார். பார்க்காமல், பெயர் தெரியாமல் தடவுவதுதான் ஆபத்து.

இந்தியாவில் படர்தாமரை சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத கொள்ளைநோயாக மாறியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளே முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு தடைசெய்த 328 கலவை மருந்துகளிலும் இப்படிப்பட்ட களிம்புகள் இருந்தன. கடைகளில் பழக்கம் இன்னும் மாறவில்லை.

பூஞ்சை விஷயத்தில் டெல்லிக்கு உலக அளவில் ஒரு பெயர் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சவுத்ரியும் அவர் குழுவினரும், கேண்டிடா ஆரிஸ் என்ற, மருந்துகளுக்கு எளிதில் மசியாத பூஞ்சையை இங்குள்ள மருத்துவமனை நோயாளிகளிடம் கண்டறிந்து 2013-இல் எழுதினார்கள். தாய்மார்கள் பயப்பட வேண்டாம், அது வேறு இனம். குழந்தை வாயில் வருவது அதுவல்ல. ஆனால் 2022-இல் உலக சுகாதார நிறுவனம் மிக முக்கியமான பூஞ்சைகளைப் பட்டியலிட்டபோது, மேல் வரிசையில் ஆரிஸுடன் நம் பழைய அல்பிகன்ஸையும் வைத்தது. பூஞ்சைக்கு நம்மிடம் இருக்கும் மருந்து வகைகளே சில. தேவையில்லாத இடத்தில் அவற்றைச் செலவழிக்கக் கூடாது.

தேவையில்லாத இடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், திரும்பத் திரும்ப வரும் த்ரஷ் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி த்ரஷே இல்லை. இதைப் புரிந்துகொள்ள டெல்லியின் இன்னொரு பருவம் உதவும். சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்த பெண், முதல் பிள்ளையோடு இந்த ஊரின் ஜனவரியைச் சந்திக்கிறாள். இரவில் ஐந்து டிகிரி. ரஜாய்ப் போர்வையிலிருந்து எழுந்து பால் கொடுக்கிறாள். குழந்தை வாயை எடுத்ததும் காம்பு வெளுக்கிறது, பிறகு நீலம் பாய்கிறது, பிறகு சிவக்கிறது. அந்த நிறமாற்றத்தோடு உயிர் போகிற எரிச்சல். இது காம்பின் ரத்தக்குழாய்கள் குளிரில் இறுகுவதால் வரும் வலி. ரேனோ என்று பெயர். பூஞ்சைக்கு இதில் பங்கே இல்லை. அமெரிக்காவில் 2004-இல் இப்படிப்பட்ட 12 தாய்மார்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் 8 பேருக்கும் குழந்தைகளுக்கும், உண்மைக் காரணம் தெரிவதற்குள், பலமுறை பூஞ்சை மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வெதுவெதுப்பு. பால் கொடுத்து முடித்த அடுத்த நொடியே காய்ந்த, வெதுவெதுப்பான துணியால் மூட வேண்டும், குளிர்காற்று படக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் என்ற மாத்திரையை மருத்துவர் எழுதுவார்.

குளிர் ஒரு காரணம்தான். பல நேரம் காரணம் இன்னும் எளிது: குழந்தை சரியாகக் கவ்வவில்லை. பால் கொடுத்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டும். சரிவாக நசுங்கி, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், குழந்தை காம்பை மட்டும் பிடித்து மேலண்ணத்தில் நசுக்குகிறது என்று அர்த்தம். வாயை அகலத் திறந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதியும் உள்ளே போக, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். நசுங்கி வெடித்த தோலில் எந்த மருந்தைத் தடவினாலும், அடுத்த வேளை மறுபடி வெடிக்கும்.

காம்பு வலியில் பூஞ்சைக்குப் பங்கு எவ்வளவு என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவின் லிசா அமீர் குழுவினர் மெல்போர்னில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, பூஞ்சைக்கு அந்த வலியோடு தொடர்பு உண்டு என்றது. 2021-இல் அமெரிக்க மருத்துவர்கள், பூஞ்சை மருந்தில் குணமாகாத பெண்களை மறுபடி பரிசோதித்து, வேறு காரணங்களைக் கண்டு, தலைப்பிலேயே ‘இது பூஞ்சை இல்லை’ என்று எழுதினார்கள். நான் இதில் ஒரு பக்கம் சேரவில்லை. குழந்தையின் வாயில் துடைத்தும் வராத திட்டு இருக்கிறதென்றால் பூஞ்சைதான் என்று நம்பலாம். குழந்தையின் வாய் சுத்தமாக இருந்து, தாய்க்கு மட்டும் வலி என்றால், இரண்டாவது முறை பூஞ்சை மருந்து வாங்குவதற்கு முன் பால் கொடுப்பதை யாராவது நேரில் பார்க்க வேண்டும்.

அதற்கு இந்த ஊரில் இடம் உண்டு. லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 2017 ஜூனில், நார்வேயின் உதவியோடு, ‘வாத்சல்யா மாத்ரி அம்ருத் கோஷ்’ என்ற தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. பாலூட்டும் ஆலோசனை மையமும் அதனுடன் சேர்ந்ததுதான். வேறெந்த மருத்துவமனைக்குப் போனாலும் குழந்தை பசியோடு இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பால் கொடுத்துக் காட்ட முடியும். அதுவரை தடவிய எல்லா டியூபுகளையும், காலியானவற்றையும், பையில் போட்டுக்கொள்ளுங்கள். காம்பு வெளுக்கிறது என்றால் அந்த நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. மருத்துவர் முன் உட்காரும்போது நிறம் மாறியிருக்கும். ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரையோ நர்ஸையோ கேட்கலாம், கேட்பது உரிமை.

த்ரஷ் இருக்கும்போது தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தாய்க்கு ஃப்ளுகோனசோல் மாத்திரை எழுதினாலும் பால் கொடுக்கலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முறையாக மருந்து போட்டும் மாதக்கணக்கில் த்ரஷ் விடாமல், குழந்தையின் எடையும் ஏறாமல் இருந்தால், மருத்துவர் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய பரிசோதனைகளைக் கேட்பார், எச்ஐவி உட்பட. அந்தப் பேச்சை எடுத்ததும் கோபித்துக்கொண்டு மருத்துவரை மாற்றும் குடும்பங்கள் உண்டு. பரிசோதனையை எடுத்துப் பார்த்துவிடுங்கள். இல்லை என்று வந்தால் நிம்மதி; இருக்கிறது என்று வந்தால் மருந்து இருக்கிறது, அரசு மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.