மான்களை அழிப்பது வில்லா, விலையா?

திருக்கோணேஸ்வரத்துக்குச் செல்லும் அடியார்கள் பிரெடெரிக் கோட்டை வாயிலைத் தாண்டியதும் முதலில் காண்பது புள்ளிமான்களையே. துறைமுக நகரின் வீதிகளிலும் கடற்கரையிலும் மனிதருக்கு அஞ்சாது அவை உலாவுகின்றன. நகரின் அடையாளமாகவே மாறிவிட்ட இம்மான்களைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆயினும், இதே மாவட்டத்தின் கந்தளாய், சேருவில, வெருகல், குச்சவெளிப் பக்கத்துக் காடுகளில் வாழும் மான்களின் நிலை வேறு. அங்கே அவற்றுக்காகக் கம்பிக் கண்ணிகள் காத்திருக்கின்றன. நகரத்து மானுக்குப் பழம் கொடுக்கும் அதே சமூகத்தில், காட்டு மானின் இறைச்சியை இரகசியமாக வாங்குவோரும் இருக்கின்றனர் என்பது மறுக்க முடியாத உண்மையாகும்.

இதுபற்றிப் பேசும்போது, “வேட்டை எமது முன்னோரின் வழக்கந்தானே, மார்க்கமும் அதைத் தடுக்கவில்லையே” என்று சிலர் கூறுவதுண்டு. இக்கூற்றை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. முன்னோர் வேட்டையாடினர் என்பது மெய். ஆனால் அவர்கள் எவ்வாறு வேட்டையாடினர், இன்று நடப்பது அதுதானா என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

மேலைநாடுகளில் மான் வேட்டைக்கு உரிய பருவம் இலையுதிர்காலமாகும். எமது பிரதேசத்தில் அத்தகைய பருவம் இல்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை நீளும் வரட்சியும், அதனைத் தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவமழையுமே இங்குள்ள காலங்கள். மழைக்கு முந்திய வாரங்களில் காட்டிலுள்ள சிறு குட்டைகள் யாவும் வற்றி, எஞ்சிய ஒன்றிரண்டு நீர்நிலைகளையே விலங்குகள் நாடி வருகின்றன. வேட்டைக்காரன் மானைத் தேடி அலைய வேண்டியதில்லை. மானே அவனிடம் வந்து சேருகிறது. நீர்நிலையோரத்து மரத்தில் பரண் கட்டிக் காத்திருக்கும் முறை இந்த இயற்கையை அறிந்தே உருவானது.

பரணுக்கும் காரணம் உண்டு. மானின் காதும் மூக்கும் மிகக் கூர்மையானவை. தரையில் நிற்பவனின் வாடையைக் காற்று மானுக்கு எளிதிற் கொண்டு சேர்த்துவிடும். ஆனால் ஆபத்தைத் தரைமட்டத்திலேயே எதிர்பார்க்கும் மான், தலைக்கு மேலே அதிகம் நோக்குவதில்லை. எனவே உயரத்தில் அசையாது இருப்பவனுக்கு அதை அண்மையிற் காணும் வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த அண்மை வில்லாளிக்கு இன்றியமையாதது. துப்பாக்கியின் குண்டு நூற்றுக்கணக்கான மீற்றர் செல்லும். அம்போ இருபது முப்பது மீற்றருக்குள்ளேயே நம்பத்தக்கது. எய்தவுடன் மான் அதே இடத்தில் வீழ்வதும் அரிது. நெஞ்சில் அம்பு பாய்ந்த மானும் சிறிது தூரம் ஓடிய பின்னரே சாயும். அது படுத்து அடங்கும்வரை பொறுத்திருந்து, இரத்தத் துளிகளைப் பின்பற்றிச் சென்று கண்டெடுப்பது வேட்டைக்காரனின் கடமையாகும். நாள் முழுதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவதும் வழமையே.

எமது மாவட்டத்தின் வரலாற்றோடு இணைந்த ஒரு சான்றையும் இங்கு நினைவுகூரலாம். 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூர்ப் பகுதியில், கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயரான றொபேர்ட் நொக்ஸ், 1679 இல் தப்பிச் சென்று 1681 இல் தமது நூலை வெளியிட்டார். அதில் வேடர்களைப் பற்றி அவர் தரும் செய்தி சுவையானது. அவர்கள் இரவில் வந்து, இறைச்சியையும் தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் கொல்லனின் பட்டறையிலே தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வாறே அம்பு முனை செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பராம். மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் மூடிப் பஞ்ச காலத்துக்காகச் சேமித்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். ஓர் அம்பு முனைக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் அதை வீணாக எய்திருக்க மாட்டார்கள் என்பது தெளிவு. அவர்கள் செய்த பண்டமாற்றும் தேவையின் அளவைத் தாண்டவில்லை.

செலிக்மன் தம்பதியினர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வு நூலில், கிழக்குக் கரையில் தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டுள்ளது. வாகரை முதல் மூதூர் வரையிலான கிராமங்களில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். ஆகவே வில்லும் வேட்டையும் எமக்கு அந்நியமானவை அல்ல.

அவ்வாறாயின் மான்கள் அருகியது எதனால்? பிரித்தானியர் காலத்தில் துப்பாக்கி பெருகியதோடு, மான் தோலும் கொம்பும் ஏற்றுமதிப் பண்டங்களாயின. உண்பதற்காகக் கொன்ற நிலை மாறி, விற்பதற்காகக் கொல்லும் நிலை தோன்றியது. 1872 இலேயே வேட்டை விலங்குகளின் அழிவைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டிய தேவை ஏற்பட்டது. 1894 இல் வேட்டையில் ஈடுபட்டோரே ஒன்றுகூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதன் பின்னர் வந்தது. துறைமுகத்தைச் சூழ்ந்த காட்டின் ஒரு பகுதி ‘நேவல் ஹெட்வேர்க்ஸ்’ என்ற பெயரில் 1963 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

அமெரிக்காவின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. சந்தைக்காக வேட்டையாடியதன் விளைவாக, 1900 ஆம் ஆண்டளவில் அங்கு வெள்ளைவால் மான்கள் சுமார் 5 இலட்சமாகக் குறைந்துவிட்டன என மதிப்பிடப்படுகின்றது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசென்று விற்பதை அவ்வாண்டிலேயே லேசி சட்டம் தடை செய்தது. பின்னர் விஸ்கொன்சின் மாநிலம் 1934 இல் வில் வேட்டைக்கெனத் தனிப்பருவத்தை முதன்முதலாக வகுத்தது. இன்று அங்கு இலட்சக்கணக்கானோர் இலையுதிர்காலத்தில் பரணேறி வில்லால் மான் வேட்டையாடுகின்றனர். ஆயினும் மான்கள் கோடிக்கணக்கில் பெருகியுள்ளன. அனுமதிப்பத்திரம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றோடு, வேட்டையாடிய காட்டு மானின் இறைச்சியைப் பொதுவாக விற்க முடியாது என்ற விதியும் இதற்கு முக்கிய காரணமாகும். வேட்டைக்காரன் தன் வீட்டில் சமைத்து உண்ணலாம், அயலாருக்கும் கொடுக்கலாம். கடையில் விற்க மட்டும் முடியாது.

இனி எமது காடுகளுக்கு வருவோம். இன்று இங்கு பயன்படுபவை வில்லும் அல்ல, பரணும் அல்ல. மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பியிற் செய்த கண்ணி, கட்டுத்துவக்கு, இரையினுள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி, இரவில் கண்ணைக் கூசச்செய்யும் மின்சூள் ஆகியவையே இன்றைய கருவிகள். பரணில் இருப்பவன் வருவது ஆணா, பெண்ணா, குட்டியோடு வரும் தாயா என்று பார்க்கிறான். வேண்டாமென்று விட்டுவிடவும் அவனால் முடியும். கண்ணிக்குக் கண் இல்லை. அதில் மானும் அகப்படும், கரடியும் அகப்படும், விறகு பொறுக்கச் சென்ற மனிதனின் காலும் அகப்படும். 2020 மே மாதத்தில் மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிக் கண்ணியில் சிக்கிப் பின்னர் உயிரிழந்ததை நாடே அறியும். புள்ளிமான் ஏறத்தாழ ஏழரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனுகிறது. சிறுத்தையின் பிரதான இரையும் அதுவே. மான் குறையும்போது காட்டின் முழு ஒழுங்குமே குலைகிறது.

நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றைக் கொல்வது மட்டுமன்றி, இறைச்சியை விற்பதும், கொண்டுசெல்வதும், உடைமையில் வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். 2009 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. வில்லால் கொன்றேன் என்பதும் ஒரு விலக்காகாது.

எமது முஸ்லிம் வாசகர்கள் சிந்திக்க வேண்டிய மற்றுமொரு விடயமும் உண்டு. இஸ்லாம் வேட்டையை அனுமதித்திருப்பது உண்மை. ஆனால் அந்த அனுமதி நிபந்தனைகளோடு கூடியது. கழுத்து நெரிபட்டும், அடிபட்டும், உயரத்திலிருந்து வீழ்ந்தும் செத்தவற்றை ஸூரத்துல் மாஇதாவின் 3 ஆவது வசனம் விலக்குகின்றது; உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட்டது மட்டுமே இதற்கு விதிவிலக்கு. அம்பு பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் வினவியபோது, கூர்முனை பாய்ந்து கொன்றதை உண்ணலாம், பக்கவாட்டில் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் உள்ளது. எய்யப்பட்ட பிராணி நீரில் வீழ்ந்து கிடந்தால், கொன்றது அம்பா நீரா என்பது தெரியாதாகையால் அதனையும் தவிர்க்குமாறு கூறப்பட்டுள்ளது. இத்துணை நுணுக்கம் பேணும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர், இரவெல்லாம் கண்ணியில் இறுகிக் கிடந்த மானின் இறைச்சியைப் பொலித்தீன் பையில் வாங்கும்போது, அது எப்போது, எவ்வாறு செத்தது என்று கேட்க வேண்டாமா? களவாக விற்பவன் தரும் பதிலை நம்பத்தான் முடியுமா? மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாக்களின் பணி. ஐயத்துக்குரியதைத் தவிர்ப்பது ஒவ்வொருவராலும் இயலக்கூடியதே.

இந்து வாசகர்களுக்கும் இது பொருந்தும். கோணேஸ்வரத்து இறைவனாகிய சிவபெருமான் கையில் மானை ஏந்தியவர். வள்ளியம்மை மானின் வயிற்றிற் பிறந்து, வேடர் குலத்தில் வளர்ந்து, தினைப்புனத்துப் பரணில் காவல் இருந்தவள் என்பது புராணம். வெருகலம்பதியில் வேலாயுதனை வணங்கும் நாம், வேடரையும் மானையும் பகைவராக அன்றி உறவினராகவே காட்டும் அக்கதையின் பொருளை மறக்கலாகாது.

கண்ணி வைப்பவரைப் பிடித்துத் தண்டிப்பது வனஜீவராசிகள் திணைக்களத்தினதும் பொலிஸாரினதும் கடமை. எனினும் பரந்த காடுகள் அனைத்தையும் காவல் செய்வது அவர்களால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. கண்ணி வைப்பவர்களிற் பலர் வரட்சியில் வயலும் கூலியும் இல்லாத ஏழைகள் என்பதையும் நாம் உணர்ந்தே கூறுகின்றோம். கோடை மாதங்களில் அவர்களுக்கு மாற்றுத் தொழில் கிடைக்க வழிசெய்தல் அவசியமாகும். மறுபுறம், அந்த இறைச்சிக்கு அதிக விலை கொடுப்பவர்கள் ஏழைகள் அல்லர். விருந்துக்காகவும் பெருமைக்காகவும் வாங்கும் வசதி படைத்தோரின் பணமே கண்ணியை மறுபடியும் காட்டுக்கு அனுப்புகிறது.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் வரட்சிக் காலம் தொடங்கும் முன்னரே இதுபற்றி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். நகரத்து மான்கள் குப்பையிலுள்ள பொலித்தீனைத் தின்று மடியும் அவலத்தை நிறுத்த உள்ளூராட்சி மன்றமும் அடியார்களும் ஒத்துழைத்தல் வேண்டும். அடுத்த முறை மானிறைச்சி இருக்கிறது என்று எவரேனும் வாசலில் வந்து நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எமது வாசகர்கள் முன்வருவார்களாயின், அதுவே காட்டிலுள்ள கண்ணிகளைக் குறைக்கும் முதற்படியாக அமையும் என நாம் நம்புகின்றோம்.