வரைகலை பயில்வோர்க்கு ஏற்ற மடிக்கணினி

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டிற்கும் இராயக்கோட்டைக்கும் இடையில், சேலம் – பெங்களூரு இருப்புப்பாதையின்மேல் அமைந்த பேரூர் மாரண்டஹள்ளி. கருநாடக எல்லைக்கு அண்மையது ஆதலின் இவ்வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகளும் வழங்குகின்றன. திருமண நாட்களில் வீடு தேடி வரும் அழைப்பிதழ்களை அடுக்கிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். ஒன்று முழுதும் தமிழில் இருக்கும். ஒன்றில் தெலுங்கு கலந்திருக்கும். நிக்காஹ் அழைப்பிதழாயின் தலைப்பில் அரபு எழுத்து அழகுற அமைந்திருக்கும். கடைப் பெயர்ப்பலகை, துணிப்பை, ஃபிளெக்ஸ் பதாகை ஆகியனவும் இவ்வாறே.

இவற்றையெல்லாம் உருவாக்கித் தருவது வரைகலைத் தொழில். ஒரு காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர் செய்த பணியையும், தூரிகை ஏந்திச் சுவரிலும் தகட்டிலும் எழுதிய ஓவியர் செய்த பணியையும் இன்று கணினி முன் அமர்ந்து ஒருவரே செய்துவிடுகிறார். பட்டப்படிப்புப் பயிலும்போதே இதனைக் கற்று, மாலை வேளைகளில் அச்சகங்களுக்கு வேலை செய்துகொடுத்துத் தம் செலவைத் தாமே ஈட்டும் மாணவரும் உளர். அம்மாணவர் முதலிற் கேட்பது ஒரு மடிக்கணினி. அதற்குரிய தொகையோ, தக்காளியும் தேங்காயும் விற்று வாழும் குடும்பத்திற்குப் பல மாத வருவாய். தாயின் நகை அடகுக்குப் போவதும் உண்டு. அவ்வாறு வாங்கிய பொருள் தொழிலுக்கு உதவாமற் போனால் மற்றொன்று வாங்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் படிப்பே முடிந்துவிடும். ஆகவே, எதனைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தூக்கிச் செல்லத்தக்க கணினியின் வரலாற்றில் நம் அண்டை மாவட்டத்திற்கும் ஓர் தொடர்பு உண்டு. விற்பனையில் வெற்றி கண்ட முதல் தூக்குக்கணினி எனக் கருதப்படும் 'ஆஸ்பார்ன் 1' என்பது 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதனை வெளியிட்ட ஆடம் ஆஸ்பார்ன் தம் இளமைப் பருவத்தைத் திருவண்ணாமலையில் கழித்தவர். 2003இல் கொடைக்கானலில் மறைந்தவர். அக்கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை 5 அங்குலமே, மின்கலமும் இல்லை. ஆயினும் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் வேண்டிய மென்பொருள்களை 1,795 டாலர் என்ற ஒரே விலைக்குள் அவர் சேர்த்துக் கொடுத்ததே காரணம். பயனாளர்க்கு எது தேவையோ அதிற் குறை வைக்கவில்லை. மற்றவற்றில் ஆடம்பரம் செய்யவில்லை. அந்நிறுவனம் 1983இல் நொடித்துப் போயிற்று. அடுத்த மாதிரி வரப்போகிறது என்ற அறிவிப்பைக் கேட்டு மக்கள் வாங்காமற் காத்திருந்தமையே அதற்குக் காரணம் என்று ஒரு சாரார் கூறுவர். 'அடுத்த மாதம் புதியது வருகிறது' என்று காத்திருக்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை.

கையில் வேலை இருப்பவர் அவ்வாறு காத்திருக்க வேண்டுவதில்லை. வேலை இன்னும் கைக்கு வராத தொடக்கநிலை மாணவர் விரைய வேண்டுவதும் இல்லை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையிலும் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இத்தகைய கருவி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அவ்வாறு ஒன்று வீட்டில் இருக்குமாயின், இங்க்ஸ்கேப், கிம்ப் என்னும் கட்டணமற்ற மென்பொருள்களை அதில் நிறுவி முதலில் கை பழகலாம். கோடு வரையவும் எழுத்தை அமைக்கவும் கற்றுக்கொள்வதற்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை.

இது நிற்க. கடைக்குள் நுழைந்தவுடன் விற்பனையாளர் முதலிற் சொல்வது செயலியின் பெயர், அடுத்துத் தள்ளுபடி. வரைகலை பயில்வோர் முதலிற் கேட்க வேண்டுவதோ திரையைப் பற்றியே. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றின் விவரத்தாளில் '45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.' என்றொரு குறிப்பு ஓர் ஓரத்தில் இருக்கும். கணினித் திரைகளுக்கெனப் பொதுவாக ஏற்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிற அளவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறங்களை மட்டுமே அத்திரை காட்டவல்லது என்பதே அதன் பொருள். அதில் சிவப்பு வெளுத்துத் தோன்றும். வடிவமைப்பவர், நிறம் போதவில்லை எனக் கருதி இன்னும் சற்றுக் கூட்டுவார். திரையில் அது அழகாகவே இருக்கும். அச்சகத்திலிருந்து ஆயிரம் அழைப்பிதழ்கள் வந்து இறங்கும்போதுதான், அரக்கு நிறம் காய்ந்த குருதி போலக் கறுத்திருப்பது தெரியவரும். திருமண வீட்டார் அதனை ஏற்பாரோ? மறு அச்சுக்கான செலவு வடிவமைத்தவர் தலையில் விழும். திரையில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய் இத்தகைய ஒரே நிகழ்ச்சியில் கரைந்துவிடும்.

ஆகவே '100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி.' என விவரத்தாளில் எழுதியிருக்கும் திரையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதனையே '72 விழுக்காடு என்.டி.எஸ்.சி.' என்று குறிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகையாகவும், ஒளி அளவு 300 நிட்ஸ் அல்லது அதற்கு மேலாகவும் இருத்தல் நலம். ஓலெட் வகைத் திரைகள் கண்ணைக் கவர்வன. எனினும் அவற்றின் இயல்பான அமைப்பில் நிறங்கள் மிகைபடத் தோன்றும். எஸ்.ஆர்.ஜி.பி. அமைப்புக்கு மாற்றிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். எத்துணைச் சிறந்த திரையாயினும் அதில் தெரிவது ஒளியால் ஆன நிறம். தாளில் ஏறுவது மையால் ஆன நிறம். இவ்விரண்டும் முற்றும் ஒன்றாதல் இல்லை. முதற்படி ஒன்று அச்சிட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது.

அடுத்து நோக்கத்தக்கது ரேம் எனப்படும் நினைவகம். இதன் தேவையைச் சிறு கணக்கால் விளக்கலாம். 7 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள அழைப்பிதழை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் அமைத்தால் மொத்தம் 31 இலட்சத்து 50 ஆயிரம் புள்ளிகள். நான்கு மை நிறங்களுக்கும் புள்ளிக்கு நான்கு பைட் எனக் கொண்டால் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 12.6 மெகாபைட். இதனை எந்தக் கணினியும் தாங்கும். இனி, 10 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள ஃபிளெக்ஸ் பதாகையை எடுத்துக்கொள்வோம். தொலைவிலிருந்து பார்ப்பது ஆதலின் அங்குலத்திற்கு 72 புள்ளிகள் போதும். அவ்வாறு குறைத்துக்கொண்ட போதும் ஏறத்தாழ 6 கோடிப் புள்ளிகள் சேர்ந்துவிடும். ஓர் அடுக்கே 240 மெகாபைட் அளவை எட்டும். தலைவர் படம், பின்னணி, எழுத்து, நிழல் எனப் பத்து அடுக்குகள் முழு அளவில் அமைந்தால் 2.4 ஜிகாபைட். செய்ததைத் திரும்பப் பெறுவதற்காக மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும் படிகள் இதற்கு மேல். (நம் ஊர்ப் பதாகைகளில் பத்துத் தலைவர்களுக்குக் குறைந்து படம் இடம்பெறுவதும் அரிது!) 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினி இவ்விடத்தில் திணறும், 16 ஜிகாபைட் ஓரளவு நிம்மதியாய்ச் செய்யும்.

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் கூட்ட இயலாது. 'பின்னர் ரேம் கூட்டிக்கொள்ளலாமா? அதற்குரிய இடம் காலியாக உள்ளதா?' என்று கேட்டு விடை பெறுதல் வேண்டும். ஆம் எனில், இன்று 8 ஜிகாபைட்டோடு வாங்கி, வருவாய் வந்தபின் கூட்டிக்கொள்ளலாம். தொகை குறைவாயுள்ள வீட்டாருக்கு இதுவே நல்வழி எனக் கருதுகின்றோம். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையில் 512 ஜிகாபைட் இருந்தால் போதும்.

செயலியைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. 'ஐ5' என்ற பெயர் ஒன்றே தரத்தைக் காட்டாது. அது எத்தனையாம் தலைமுறை என்பதும் தெரிய வேண்டும். தனி வரைகலை அட்டை என்பது பெயரைக் கொண்டு பலரை மயக்குகிறது. அழைப்பிதழ், சின்னம், நூல் அட்டை ஆகியவற்றுக்கு அது இன்றியமையாததன்று. முப்பரிமாண உருவம், காணொளித் தொகுப்பு ஆகியவற்றில் இறங்குவோர்க்கே அது வேண்டும். விளையாட்டுக்கென விற்கப்படும் கணினியில் அவ்வட்டைக்கு விலை கொடுத்து, 45 விழுக்காட்டுத் திரையைப் பெற்று வருவோரைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

இனித் தமிழ் எழுத்தின் சிக்கலுக்கு வருவோம்; பிறமொழியார் எழுதும் வழிகாட்டிகளில் இது இடம்பெறுவதில்லை. யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் 'கெ' என்ற எழுத்து, முதலில் ககரம், பின்னர் எகரக் குறி என்ற வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. கொம்பை எழுத்துக்கு முன்னே கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் கடமை. 'கொ' என்பதற்கோ இருபுறமும் குறி வேண்டும். மென்பொருள் உரியவாறு அமைக்கப்படாவிடின் கொம்பு பின்னே விழுந்து சொல்லே உருக்குலையும். போட்டோஷாப், இன்டிசைன் ஆகியவற்றில் 'வேர்ல்டு ரெடி' என்னும் அமைப்பைத் தேர்ந்துகொண்டால் இக்குறை நீங்கும். வலமிருந்து இடமாகச் சேர்த்தெழுதும் அரபு, உருது எழுத்துகள் பிரியாமலும் திரும்பாமலும் வருவதற்கும் அதுவே துணை. புனிதச் சொற்கள் தலைகீழாய் அச்சேறிய பின்னர் வருந்திப் பயனில்லை.

இத்துடன் முடிந்ததா எனின், இல்லை. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. 2010 ஜூனில் ஒருங்குறியும் டேஸ்-16 என்னும் முறையும் ஏற்கப்பட்டன. ஆயினும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை அமர்த்திய பழைய எழுத்துருக்கள் அச்சகங்களை விட்டு அகலவில்லை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். ஆதலின் மாணவரின் கணினி பழையது, புதியது இரண்டுக்கும் இடங்கொடுக்க வேண்டும். நம் பகுதி அச்சகங்களில் மிகுதியும் வழங்கும் கோரல்டிரா, நெடுங்காலம் விண்டோஸ் முறைக்கே உரியதாயிருந்து, 2019இல்தான் ஆப்பிள் மேக் கணினிக்கு மீண்டும் வந்தது. தமிழ்த் தட்டச்சுக்குப் பலர் பயன்படுத்தும் என்.எச்.எம். ரைட்டரும் விண்டோஸ் முறைக்குரியதே. மேக் கணினியின் திரை சிறப்புடையது. தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே உண்டு. பெங்களூரு, சென்னை விளம்பர நிறுவனங்களை நாடுவோர் அதனை வாங்கலாம். ஊர் அச்சகத்தோடு நாள்தோறும் கோப்புப் பரிமாறுவோர்க்கு விண்டோஸ் கணினியே உகந்தது.

புதியது வாங்க இயலாதோர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிற்கும் சென்னை ரிச்சி தெருவிற்கும் சென்று பயன்படுத்திய கணினிகளை வாங்குகின்றனர். இதில் இழுக்கு ஒன்றுமில்லை. பெரிய அலுவலகங்கள் கழித்த உறுதியான கணினிகள் அங்கே கிடைக்கும். ஆனால் ஒரு கூறைக் கருத வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளைப் பெரும்பாலும் முறைப்படி ஏற்பதில்லை. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினி மலிவாய்க் கிடைப்பதன் மறைபொருள் இதுவே. ஒரே இடத்தில் அமர்ந்து வேலை செய்வோர், அதே தொகைக்கு மேசைக்கணினியும் நல்ல திரையும் வாங்கினால் கூடுதல் பயன் பெறுவர் என்பதையும் மறைக்காமற் கூற வேண்டும். விடுதிக்கும் வீட்டுக்கும் அச்சகத்திற்கும் அலைபவர்க்கும், மின்தடை மிகுந்த ஊரில் வாழ்பவர்க்கும் மடிக்கணினி ஏற்றது.

பழுது நீக்கும் பணிமனை எங்குள்ளது என்பதையும் வாங்கும்போதே வினவ வேண்டும். மாரண்டஹள்ளியில் இருப்பவர் பழுதுபட்ட கணினியைத் தூக்கிக்கொண்டு சேலத்திற்கோ ஓசூருக்கோ சென்றால் ஒரு நாள் உழைப்புப் போயிற்று. வீட்டிற்கே வந்து சரிசெய்யும் உத்தரவாதம் தம் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் பெறுதல் நன்று.

கடைக்குச் செல்லும்போது பென்டிரைவில் மூன்று கோப்புகளைக் கொண்டுசெல்லலாம்: முகங்கள் தெளிவாய்த் தெரியும் புகைப்படம் ஒன்று, முன்பே அச்சான அழைப்பிதழ் ஒன்றின் படம், பெரிய பதாகை ஒன்றின் படம். அச்சான அழைப்பிதழையும் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிடுக. திரையைச் சாய்த்துப் பார்க்குக. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பதாகைப் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி, வேகம் குறைகிறதா என நோக்குக. அனைத்தும் நிறைவளித்தால், கணினியின் அடியில் உள்ள வரிசை எண்ணும் ரசீதில் எழுதிய எண்ணும் ஒன்றாயிருப்பதைப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.