படிகாரம் போட்டால் மட்டும் போதுமா?

அடைமழை பிடித்தால் ஏரித் தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். குழாயில் கலங்கல் வந்ததும் "படிகாரம் போட்டாங்களா, இல்லையா?" என்றுதான் கேட்கிறோம். போட்டிருப்பார்கள். எப்படிக் கலக்கினார்கள் என்று கேட்க ஆளில்லை.

கலங்கலுக்குக் காரணமான களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். படிகாரம் அந்தப் பகையைத் தணிக்கும், அவ்வளவுதான். துகளும் துகளும் முட்டினால்தானே ஒட்டும்? முட்டவைப்பது சுத்திகரிப்புத் தொட்டியில் சுழலும் துடுப்பு. நீர் அடுக்குகளுக்கிடையே வேக வித்தியாசம் கூடக்கூட மோதல்களும் கூடும் என்று 1917-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார் போலந்து இயற்பியலாளர் ஸ்மோலுகோவ்ஸ்கி.

அப்படியானால் வேகமாகச் சுற்றிவிடலாமே? அங்கேதான் வம்பு. திரண்டது பஞ்சு மிட்டாய் மாதிரி. உள்ளே பெரும்பாலும் தண்ணீர்தான். வேகம் மீறினால் கலக்கும் நீரே அதைப் பிய்த்துவிடும். படிகாரத் திரள் ஒருமுறை உடைந்தால், பிறகு எவ்வளவு பதமாகக் கலக்கினாலும் பழைய பருமன் முழுசாகத் திரும்புவதில்லை. அதனால்தான் முதல் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் மூர்க்கமாகக் கலக்கிப் படிகாரத்தைப் பரப்பிவிட்டு, பிறகு இருபது, முப்பது நிமிஷம் துடுப்பை ஆடி அசைந்து சுற்றவிடுகிறார்கள்.

எவ்வளவு படிகாரம் தேவை என்று அறிய ஆய்வகத்தில் 'ஜார் டெஸ்ட்' செய்யும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வரிசையாக ஆறு கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு. வேகத்தைக் குறைத்த பிறகு சில நிமிஷம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஊசிமுனைப் புள்ளிகள். அவை பருத்து வெள்ளைத் துணுக்குகளாக, இடைப்பட்ட நீர் பளிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் வேகத்தைத் திருகிக் கூட்டிப் பாருங்கள், நொடிகளில் மறுபடி புகைமூட்டம்.

வேடிக்கை என்னவென்றால், வழக்கமான கருவியில் ஆறு துடுப்புகளும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். குவளைக்குக் குவளை மாறுவது படிகார அளவு மட்டுமே. சோதனையே இப்படி இருந்தால், அளவைத் தவிர வேறெது கண்ணில் படும்? பாலிமர் சேர்த்தால் திரள் கெட்டிப்படும், வேகத்துக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம் என்பாரும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. மெதுவாகச் சுற்ற வேண்டிய துடுப்பு பழுதாகி நின்றால் சத்தமே வராது. தெளியவில்லையே என்று படிகாரத்தைக் கூட்டினால் நீரின் காரத்தன்மை குறையும், மணல் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும், அலுமினியம் மிஞ்சவும் வழியுண்டு. இந்தியத் தரநிலை குடிநீரில் விரும்பும் அலுமினிய அளவு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோதுகூட 0.2-ஐத் தாண்டக் கூடாது. சரியாகத் திரளாத பொடிகளோடு கிருமிகளும் வடிகட்டியைத் தாண்டும். அவற்றில் கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு மசியாத ஜாதி. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அது குடிநீரில் புகுந்து சுமார் நான்கு லட்சம் பேரைப் படுக்கவைத்தது.

படிகாரம் எத்தனை கிலோ என்று எழுதிவைக்கும் பதிவேட்டிலேயே, துடுப்பு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கும் ஒரு கட்டம் போட்டுவிடலாம். எண்ணிப் பார்க்க ஒரு கைக்கடிகாரம் போதும்.