கரை கட்டிய கதை – 6: சம்மட்டியின் சாமர்த்தியம்

கல்லைப் போட்டால் கல்லையே விழுங்கிவிடும் சேற்றுக் கரைகளைப் பற்றிச் சென்ற வாரம் சொன்னோம். அத்தகைய ஸ்தலத்தில் படகுத்துறை அமைக்க வேண்டுமானால், நெடிய மரங்களை மெலிந்த நுனி கீழாக நிறுத்தி, முளைகளாக மண்ணுக்குள் அடித்து இறக்கி, அவற்றின் சிரசின்மேல் கட்டடத்தின் பாரத்தை ஏற்றுவதே மனிதன் வெகுகாலமாகக் கைக்கொண்ட உபாயம். அடிப்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் அந்தக் காரியத்தில் எத்தனை நுட்பம் உண்டென்பதை, 1845-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் துறையில் நடந்த ஒரு பந்தயம் விளங்கக் காட்டிற்று.

70 அடி நீளமும் 18 அங்குலச் சதுரமும் கொண்ட இரண்டு மரங்களில் ஒன்றை, நீராவிச் சம்மட்டியைச் சிருஷ்டித்த ஜேம்ஸ் நாஸ்மித்தின் புது யந்திரத்திடமும், மற்றொன்றைக் கயிறு இழுத்துப் பழகிய ஆட்களிடமும் ஒப்படைத்தார்கள். யந்திரம் நாலரை நிமிஷத்தில் தன் மரத்தை இறக்கிவிட்டது. ஆட்களுக்கு 12 மணி நேரம் பிடித்தது.

நீராவியின் பலம் என்று இதைச் சொல்லி நகர்ந்துவிடுவது, என் அபிப்பிராயத்தில், விஷயத்தின் பாதியைத் தவற விடுவதாகும். பழைய முறையில் இலேசான இரும்புக் கட்டியை வெகு உயரம் ஏற்றி விழவிட்டார்கள். அதன் வேகமெல்லாம் மரத்தின் தலையை நசுக்குவதிலேயே செலவழிந்தது. உலக்கைக்குப் பூண் இடுவதுபோலத் தலையைச் சுற்றி இரும்பு வளையம் பூட்டியும், நார் நாராகப் பிளந்து விரிந்துபோன மரங்கள் அநேகம். நாஸ்மித்தோ, பல டன் எடையுள்ள சம்மட்டியை மூன்றடி உயரத்திலிருந்து மட்டுமே, நிமிஷத்துக்கு எண்பது முறை போல, இறக்கினார். கனம் மிகுந்து வேகம் குறைந்த அந்த அடி தலையை ஹிம்சிக்காமல் மரம் முழுவதையும் தள்ளிற்று. அடிக்கும் அடிக்கும் இடையே மண் இறுகிக்கொள்ள அவகாசமும் இல்லை.

அவகாசம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது களிமண்ணில் வேலை செய்த எந்த மேஸ்திரிக்கும் தெரியும். சாயங்காலம் சுலபமாய் இறங்கிக்கொண்டிருந்த முளை, மறுநாள் காலையில் அசைய மறுக்கும். அடியின் அதிர்ச்சியால் மண்ணுக்குள் அழுத்தம் ஏறிய நீர் மெல்லக் கசிந்து விலக, களிமண் மறுபடி மரத்தைப் பற்றிக்கொள்வதே காரணம். ஆகவே இறங்கும்போது மண் காட்டும் இணக்கத்தைக் கண்டு, பாரம் தாங்காதென்று முளையைத் தள்ளிவிடுவது அவசரம். அதற்கு மாறாக, ஓர் அடிக்கு நூலளவு கூட இறங்காத நிலையிலும் விடாமல் அடிப்பவன், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நுனியை நொறுக்கிவிடுகிறான்.

நன்றாக அடித்த மரத்துக்கும் உப்பு நீரில் ஒரு சத்துரு உண்டு. புழு என்று பெயர் பெற்றாலும் உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்த கப்பற்புழு, வெளியே ஊசித்துளை மட்டும் காட்டி, உள்ளே மரத்தைச் சல்லடையாக்கிவிடும். 1731-இல் ஹாலந்து தேசத்துக் கடலணைகளைக் காத்து நின்ற மரங்களை இது அரித்துவிட்டமையால், அந்த ஜனங்கள் அணைச் சரிவுகளுக்குக் கல் பாவ நேர்ந்தது.

புழு தீண்டாத எஃகு பிற்பாடு வந்தது. பிரெமன் நகரத்துப் பொறியாளர் டிரிக்வே லார்சன் 1902-இல், ஓரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வளைந்த எஃகுத் தகடுகளைக் கொண்டு சுவர் எழுப்பும் வழியைக் கண்டார். இவற்றை ஒவ்வொன்றாக முழு ஆழத்துக்கும் அடித்துக்கொண்டு போனால், கோத்த ஓரத்தின் உராய்வு ஒரு பக்கமாகவே இழுப்பதால், வரிசை முழுவதும் வேலை நகரும் திசையில் சாயத் தொடங்கும். அதனால் பத்துப் பன்னிரண்டு தகடுகளை முதலில் கோத்து நிறுத்தி, சட்டத்துக்குள் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி அடிப்பது வழக்கம். துருவோ, காற்றுப் புகாத மண்ணுக்குள் அதிகம் செல்வதில்லை. அலை தெறித்து நனைந்து காயும் பகுதியிலும், வற்றம் காணும் நீர்மட்டத்தை ஒட்டியுமே தகட்டைத் தின்கிறது.

அடிக்காமலே, திருகி இறக்கிய முளைகளும் உண்டு. 1861-இல் சென்னைக் கடலில் நீட்டிய இரும்புத் துறை அவ்வகையைச் சேர்ந்தது. அதன் விருத்தாந்தம் அடுத்த வாரம்.

(தொடரும்)