ஆபத்தான வைரஸ் ஆய்வு: கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

2014 ஜூலை 1. அமெரிக்காவின் பெத்தஸ்டாவில், என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனத்தின் வளாகத்தில், பழைய ஆய்வகம் ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். குளிர் அறையில் அட்டைப் பெட்டிகள் கிடந்தன. பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திய கண்ணாடிக் குப்பிகள். அவற்றில் ஆறின் லேபிளில் பெரியம்மை வைரஸின் பெயர். 1950களில் வைத்தவை. அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் தவிர உலகில் வேறெங்கும் அந்த வைரஸ் இருக்கக் கூடாது என்பது சர்வதேச ஏற்பாடு. சோதித்துப் பார்த்தபோது இரண்டு குப்பிகளில் வைரஸ் இன்னும் வளரும் நிலையில் இருந்தது.

அதே ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் இன்னொன்று நடந்தது. வீரியம் குறைந்த பறவைக் காய்ச்சல் வைரஸோடு, உயிர்க்கொல்லியான எச்5என்1 கலந்துவிட்டது. அப்படியே வேளாண் துறையின் ஆய்வகத்துக்கு அனுப்பியும் விட்டார்கள். அங்கே கோழிகள் செத்தபோதுதான் விஷயம் புரிந்தது. புரிந்த பிறகும் மையத்தின் தலைமைக்குத் தகவல் போய்ச் சேர ஆறு வாரம் ஆனது. கைத்தவறு எங்கும் நேரும். எனக்குக் கவலை தருவது அந்த ஆறு வாரம்.

ஆபத்து ஆய்வாளரோடு நிற்பதில்லை. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பெரியம்மையால் இறந்தவர் வைரஸ் ஆய்வாளர் அல்லர். ஆய்வகத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த புகைப்படக் கலைஞர். வைரஸ் அவரிடம் எந்த வழியாகப் போனது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. உலகில் பெரியம்மைக்குப் பலியான கடைசி மனிதர் அவர்தான்.

இவை இருக்கிற வைரஸைக் கவனமின்றி வைத்திருந்ததன் கதைகள். வைரஸுக்குப் புதுத் திறன் கொடுக்கும் ஆய்வு வேறு வகை. 2011இல் நெதர்லாந்தின் ரான் ஃபூஷியே, அமெரிக்காவின் விஸ்கான்சினில் பணியாற்றும் யோஷிஹிரோ கவாவோகா ஆகிய இருவரின் குழுக்களும், கீரிப்பிள்ளையைப் போன்ற ஃபெரட் என்ற பிராணிகளுக்கிடையே காற்றில் பரவும்படி பறவைக் காய்ச்சல் வைரஸை மாற்றிக் காட்டின. இயற்கையில் எந்த மாற்றம் வந்தால் ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்பது அவர்களின் வாதம். அதைப் புறந்தள்ள முடியாது. பணம் என்.ஐ.எச். கொடுத்தது, அதாவது அமெரிக்க மக்களின் வரிப்பணம். ஆனால் அரசின் ஆலோசனைக் குழு இதைப் பரிசீலிக்க உட்கார்ந்தது ஆய்வு முடிந்து, கட்டுரை அச்சுக்குப் போகும் கட்டத்தில்தான். செய்யலாமா என்று கேட்டிருக்க வேண்டிய குழு, வெளியிடலாமா என்று மட்டுமே கேட்க முடிந்தது.

2014 அக்டோபரில், இன்ஃப்ளூயன்சா, சார்ஸ், மெர்ஸ் வைரஸ்களின் திறனைக் கூட்டும் ஆய்வுகளுக்கான நிதியை அமெரிக்க அரசு நிறுத்திவைத்தது. 2017 டிசம்பரில் தடை நீங்கி, தனிப் பரிசீலனைக் குழு வந்தது. எந்த ஆய்வை அந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தது யார்? நிதி கொடுக்கும் நிறுவனமே. குழுவில் யார் யார் என்பதும் ரகசியமாக இருந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, அத்தனை ஆண்டுகளில் குழு பார்த்தது மூன்றே மூன்று திட்டங்கள் என்று தெரிந்தது. எதை அனுப்ப வேண்டும் என்ற வரையறையே தெளிவாக இல்லை என்றும் அது சொன்னது.

ஈகோஹெல்த் அலையன்ஸ் விவகாரத்தில் இந்த ஓட்டை பட்டவர்த்தனமானது. வௌவால் கொரோனா வைரஸ்களை ஆராய என்.ஐ.எச். அந்த அமைப்புக்கு மானியம் கொடுத்தது. அதில் ஒரு பங்கு வூஹான் வைராலஜி நிறுவனத்துக்குப் போனது. மாற்றிய வைரஸ், மூல வைரஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெருகினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது மானிய நிபந்தனை. அது மீறப்பட்டது என்றது என்.ஐ.எச்.; ஈகோஹெல்த் மறுத்தது. 2019இல் தர வேண்டிய ஆண்டறிக்கை 2021 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவரை என்.ஐ.எச்.சும் விரட்டிக் கேட்கவில்லை என்று சுகாதாரத் துறையின் தணிக்கை குறை சொன்னது. அந்தச் சோதனை வைரஸ்கள் கோவிட் வைரஸாக மாறியிருக்க முடியாத அளவு வேறுபட்டவை என்று என்.ஐ.எச். சொன்னது. கோவிட் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தீராமல் இருந்தாலும், கண்காணிப்பு தூங்கியது என்ற முடிவுக்கு வர அது தீர வேண்டியதில்லை. மானிய ஆவணங்கள் வெளியே வந்ததும் அரசின் பெருந்தன்மையால் அல்ல. ஒரு செய்தி நிறுவனம் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு, 2021 செப்டம்பரில் 900 பக்கங்களுக்கு மேல் வாங்கியது.

2025 மே மாதம் அதிபர் டிரம்ப் ஆபத்தான வகை ஆய்வுகளுக்கு நிதியை நிறுத்தி ஆணையிட்டார். அதிபர் மாறினால் ஆணையும் மாறும். பரபரப்பில்லாமல் வந்த இன்னொரு மாற்றத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். 2025 ஜூன் 1 முதல், என்.ஐ.எச். விதிகளுக்கு உட்பட்ட ஆய்வு நிறுவனங்கள் தங்கள் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும்.

நம் நாட்டில்? சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் வந்த விதிகள் அபாயகரமான நுண்ணுயிரிகளுக்கும் மரபணு மாற்றிய உயிரிகளுக்கும் பொருந்தும். இத்தகைய ஆய்வு நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நியமிக்கும் ஒருவர் அதில் இருப்பார். மாநிலக் குழுவுக்குத் தலைமைச் செயலரும், தேவைப்படும் மாவட்டங்களில் அமையும் குழுவுக்குக் கலெக்டரும் தலைவர்கள். வளாகத்துக்கு வெளியே விபத்தின் பாதிப்பு பரவினால் என்ன செய்வது என்ற அவசரத் திட்டத்தை மாவட்டக் குழு தயாரிக்க வேண்டும். விபத்து நடந்தால் நிறுவனம் உடனே தெரிவிக்க வேண்டும். மாவட்டத்தில் இந்தப் பொறுப்பு கலெக்டருக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

எனவே கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போதும். தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். எங்கள் மாவட்டத்தில் 1989 விதிகளின்படி குழு அமைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அவசரத் திட்டத்தின் நகல் வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனத்திடம் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும், நேர்ந்த விபத்துகளின் பட்டியலையும் கேளுங்கள். வைரஸை மாற்றிய செய்முறையைக் கேட்க வேண்டாம். அது மறைந்திருக்க வேண்டியதுதான்.

30 நாளில் பதில் வர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, அறிவியல் நலன் என்று காரணம் காட்டி 8(1)(அ) பிரிவில் மறுக்கக்கூடும். அப்படி வந்தால் 10ஆம் பிரிவைச் சுட்டி, மறைக்க வேண்டிய பகுதியை அடித்துவிட்டு மீதியைத் தரச் சொல்லலாம். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதன்பின் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. ராணுவ ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ., ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் நீங்கலாக இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. புணேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தை நடத்தும் ஐ.சி.எம்.ஆர். அப்படியல்ல.

கழிவு வெளியேறுவது, விதிமீறல் போன்றவற்றுக்கு ஆதாரம் கையில் இருந்தால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போவது முக்கியம். ஆய்வகத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராகவோ காவலாளியாகவோ இருப்பவர், உள்ளே என்ன கிருமி கையாளப்படுகிறது, உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று வேலையில் சேரும் அன்றே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால், எங்கே வேலை செய்கிறோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.